மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு

டோபிக் கடையை நாங்கள் வாங்கியபோது எனக்கு இருபத்து மூன்று வயது. மலாயாவில், ஜாசின் பட்டணத்தில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நான்கு கடை தள்ளி இருந்தது. முன்னால் பலகைக் கதவு, நடுவில் தேய்க்கும் மேசை, பின்னால் கிணறும் துவைகல்லும். வெள்ளைக்காரன் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. ரப்பர் தோட்டத்துக் கூலி லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். சாலையில் லாரியை நிறுத்தி, காட்டுக்குச் சாப்பாடு போகிறதா என்று சோற்றுப் பாத்திரத்தைக்கூடத் திறந்து பார்த்தார்கள். இந்த நேரத்தில் யாராவது கடை வாங்குவார்களா என்று கேட்காத ஆள் இல்லை. "இந்த நேரம்னாலதான் நமக்குக் கெடைக்குது. நல்ல நேரத்துல எவன் விப்பான்?" என்று என் கணவர் சொன்னார். அவர் அதுவரை தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்தவர். துணி அவருக்குத் தெரியும். எழுத்து எனக்குத் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்திருந்தேன். அதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வேன்.

என் அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "பால் மரம் வெட்டுனாலும் மானத்தோட வெட்டுனோம். ஊரான் அழுக்கத் தொவைக்கவா ஒன்னப் படிக்க வெச்சேன்?" என்றாள். அந்த ஒரு வருஷம் அவள் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. தீபாவளிக்கு வந்தவள் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் போனாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவள் வெட்கப்படுகிற கடையை அவள் பெருமைப்படுகிற மாதிரி நடத்திக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சபதம் போட்டேன்.

எங்கள் தொழிலில் துணியைவிடக் குறி முக்கியம். ஐம்பது வீட்டு வெள்ளைச் சட்டைகள் ஒரே தொட்டியில் ஊறும்போது எது யாருடையது என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. சேங்கொட்டையை ஊசியால் குத்தி, வரும் கறுப்புப் பாலால் சட்டைக் கழுத்தின் உட்புறம் புள்ளியும் கோடுமாக வைத்து, மேலே கொஞ்சம் சுண்ணாம்பு தடவினால் போதும். துணி நைந்தாலும் குறி போகாது. அந்தப் பால் விரலில் பட்டால் கொப்புளம் போடும். அதனால் புள்ளி குறைவான குறிகள்தான் எனக்குப் பிடித்தவை.

கடையை விற்றவர் ஒரு குறியைக்கூட எழுதி வைத்தவர் இல்லை. எல்லாம் தலைக்குள் இருந்தது. ஊருக்குக் கப்பலேறுவதற்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒரு நோட்டில் குறியை வரைந்து பக்கத்தில் ஆளை எழுதினேன். இவ்வளவு நாளாக இந்த மனுஷன் எப்படித்தான் காலம் தள்ளினார் என்று உள்ளுக்குள் சிரித்தேன். வாடிக்கைக்காரர்கள் முடிந்ததும், மூலையில் இருந்த மர அலமாரியைக் காட்டினார். யாரும் வந்து வாங்காத துணிகள் அதில் கிடந்தன. "இதையும் எழுதிக்கம்மா. இந்த வேட்டி யாருன்னா..." என்று ஆரம்பித்தார். எனக்குப் பசி. கையும் வலித்தது. "வராத துணிக்கு எதுக்குங்க குறி? வந்தா அவங்களே சொல்வாங்க" என்றேன். அவர் அலமாரியைச் சாத்தினார்.

கடை நன்றாகவே நடந்தது. அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்ததால் அரிசிக் கஞ்சி போட முடியாது. மரவள்ளி மாவைக் காய்ச்சிக் கஞ்சி போட்டோம். சட்டை பலகை மாதிரி நின்றது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிமார், பள்ளிக்கூட வாத்தியார்கள், ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் எல்லோரும் வந்தார்கள். புது ஆள் வந்தால் நோட்டைப் பார்ப்பேன். அதில் இல்லாத சுலபமான குறியாக ஒன்றைக் கொடுப்பேன். நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். ரப்பர் ஷீட்டை ஏற்றிக்கொண்டு வாரம் மூன்று முறை எங்கள் கடையைத் தாண்டிப் போகிறவர். சிரித்த முகம், அதிகம் பேசமாட்டார். அவருக்கு மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு கொடுத்தேன். "அலமாரியில இருக்கறதையும் ஒரு தடவ பாத்துட்டுக் குடேன்" என்று என் கணவர் சொன்னார். "நோட்டுல இல்லீங்க. அப்புறம் என்ன?" என்றேன்.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். கணவர் சைக்கிளில் துணி கொடுக்கப் போயிருந்தார். நான் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். போலீஸ் ஜீப் வந்து நின்றது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் வாசலில் நின்றுகொண்டார், தமிழ் சார்ஜன் ஒருவர் உள்ளே வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் பிரித்தார். உள்ளே சட்டைக் கழுத்திலிருந்து வெட்டி எடுத்த துணித் துண்டு.

"இது ஒங்க கடக் குறியா பாருங்கம்மா."

எங்கள் கடைத் துணிக்கு ஓரத்தில் ஒரு சின்னப் பிறை இருக்கும். கடையை விற்றவர் காலத்திலிருந்து இருந்த அதை நாங்களும் மாற்றவில்லை. பிறை இருந்தது. மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. நோட்டைத் திறக்கவேயில்லை. "எங்க கடதான். நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்து லாரி டிரைவரோடது" என்று சொல்லிவிட்டேன்.

சார்ஜன் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். "ஏட்டப் பாக்காமலே சொல்றீங்களே, கெட்டிக்காரிங்கிறாரு தொர" என்றார் சார்ஜன். எனக்கு முகம் மலர்ந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அதற்குப் பிறகுதான் "எங்க கெடச்சுது?" என்று கேட்டேன்.

"காட்டுல ரெண்டு நாளைக்கு முன்ன பட்டாளத்துக்காரங்க ஒருத்தனச் சுட்டாங்க. தமிழன். ஆளு யாருன்னு தெரியல. மொகத்துலயே பட்டுருச்சு. சட்டதான் மிச்சம்."

டிரைவர் செத்துவிட்டார் என்றே நினைத்தேன். அன்று சாயங்காலமே அவர் லாரி கடையைத் தாண்டிப் போனது. கையை ஆட்டினார். அப்பாடா, ஏதோ குழப்பம், உயிரோடு இருக்கிறார் என்று நானும் கையை ஆட்டினேன். அவர் உயிரோடு இருப்பதுதான் அவருக்கு வினை என்று எனக்குத் தோன்றவில்லை. செத்தவன் உடம்பில் இவர் சட்டை என்றால், காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குத் துணி அனுப்பியவர் இவர் என்றுதானே போலீஸ் நினைக்கும்? மறுநாள் அவரை லாரியோடு நிறுத்திப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் அலமாரியைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று கேட்டால், அந்தத் துணித் துண்டு என்னை விடவில்லை. அது அடித்து அடித்து நைந்த துணி. குறி வைத்த இடத்தில் நூல் இற்று, வெளிச்சம் தெரிந்தது. நான்கு மாதத்தில் எந்தச் சட்டையும் அப்படி ஆகாது. அதை என் கண் அன்றைக்கே பார்த்தது. என் வாய்தான் முந்திக்கொண்டது. அலமாரியில் அடியிலிருந்து இரண்டாவதாக ஒரு நீலக்கரை போர்வை இருந்தது. மூலையைப் புரட்டினேன். பிறை, மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. விற்றவர் கைக் குறி. புள்ளிகள் என்னுடையதைவிடப் பெரியவை.

கணவரிடம் காட்டினேன். அவர் போர்வையைக் கையால்கூடத் தொடவில்லை. "எடுத்த எடத்துலயே வெய்யி" என்றார்.

"தப்பான ஆளச் சொல்லிட்டேங்க. போய்ச் சொல்லணும்."

"என்னான்னு சொல்லுவ? தப்பாச் சொல்லிட்டேன்னா, ஏன் தப்பாச் சொன்ன, யாரு சொல்லச் சொன்னான்னு கேப்பான். இந்தப் போர்வ யாரோடதுன்னு கேப்பான். ஒன்னையும் என்னையும் தனித்தனியா உக்கார வெச்சுக் கேப்பான். கொஞ்சம் பொறு லா. அந்த ஆளு ஒண்ணும் செய்யல, விட்டுருவாங்க."

அவர் கோழை இல்லை. தோட்டத்தில் போலீஸ் ஒரு குடும்பத்தையே லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவர். நானும் பொறுத்தேன். பொறுப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரத்திலிருந்து பின்கட்டுக்குப் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. மூங்கில் கழியைச் சட்டையின் ஒரு கையில் நுழைத்து மறு கை வழியாக எடுத்துக் காயப்போடுவது எங்கள் வழக்கம். வரிசையாக இருபது சட்டை கையை விரித்துக்கொண்டு நிற்கும், எதற்கும் தலை இருக்காது. பட்டப்பகலில், வெயிலில், அவற்றுக்கு நடுவே நடக்கும்போது யாரோ என் பின்னால் வருவதுபோல் இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். சட்டைதான். பிறகு எல்லாச் சட்டையையும் கழிமேல் மடித்துப் போட ஆரம்பித்தேன். சுருக்கம் விழுகிறது என்று கணவர் முணுமுணுத்தார். விழட்டும் என்றேன்.

டிரைவரின் மனைவி வந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். ஒரு பிள்ளை இடுப்பில், ஒரு பிள்ளை கையில். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "அக்கா, அவர அடைச்சு வெச்சிருக்கிற முகாம்லேருந்து கடுதாசி போட்டிருக்காரு. நீங்க படிச்சுச் சொல்வீங்கன்னு சொன்னாங்க" என்று நீட்டினாள்.

ஏற்கெனவே பிரித்து, முத்திரை குத்தி, ஒரு வரியைக் கறுப்பு மையால் அடித்து அனுப்பிய கடிதம். உரக்கப் படித்தேன். தான் நலம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று ஆரம்பித்திருந்தார். பிறகு, "என்னிடம் இருப்பதே மூன்று சட்டை. ஒன்று என் உடம்பில் இருக்கிறது. இரண்டு வீட்டில் இருக்கிறது. எந்தச் சட்டையும் காணாமல் போகவில்லை. யார் கேட்டாலும் எண்ணிப் பார்க்கச் சொல்" என்று இருந்தது. அந்த இடத்தில் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போனேன். திரும்பி வந்து மீதியைப் படித்தேன். பதில் எழுதச் சொன்னாள். எழுதினேன். அவள் சொன்னதற்கு மேல் நானாக இரண்டு ஆறுதல் வார்த்தை சேர்த்தேன். கடவுள் இருக்கிறார், உண்மை வெளியே வரும் என்றெல்லாம் எழுதினேன். எழுதிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு முறை வந்தாள். வரும்போது தோட்டத்துக் கீரையோ பப்பாளியோ கொண்டுவருவாள். வேண்டாம் என்றாலும் வைத்துவிட்டுப் போவாள். எங்கள் வீட்டில் அதைச் சமைத்தால் எனக்கு இறங்காது.

மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு, இனி யார் தடுத்தாலும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது என்று முடிவெடுத்தேன். போர்வையை எடுத்துத் தயாராகக் கட்டியும் வைத்தேன். மறுநாள் காலை கணவர் வெளியே கிளம்பியதும் போக வேண்டும். கணவர் கிளம்பினார். நான் சேலை மாற்றிக்கொண்டு முன்னால் வந்தபோது, பெஞ்சில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். மழையில் நனைந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு.

"தாயி, எம்மவன் ஒரு போர்வ போட்டிருந்தான், தொவைக்க. போன வருசம். தோட்டத்த விட்டு வெளிய வர பாஸ் கெடைக்கல, அதான் லேட்டு. பழைய ஐயா இல்லீங்களா?"

"ஊருக்குப் போயிட்டார். என்ன போர்வை, தாத்தா?"

"நீலக் கர. மூணு புள்ளி, கீழ ஒரு கோடு. மறந்துராதப்பான்னு அவந்தான் சொல்லிட்டுப் போனான்."

மகன் எங்கே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "சிங்கப்பூரு ஹார்பர்ல வேலன்னு போனான். ஒரு தகவலும் இல்ல. வருவான். வந்தா விரிச்சுப் படுக்க வேணும்ல. வீட்ல நானும் எம் பொண்ணுந்தான்" என்றார்.

அவர் மகனைப் புதைத்து மூன்று மாதமாகியிருந்தது. எங்கே புதைத்தார்கள் என்று எனக்கே தெரியாது. அது இந்தக் கிழவருக்குத் தெரியவில்லை, போலீசுக்கும் தெரியவில்லை. இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கட்டி வைத்த மூட்டை எனக்குப் பின்னால் இருந்தது. அதை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் டிரைவர் வீட்டுக்கு வருவார். இந்தக் கிழவரையும் அவர் மகளையும் லாரியில் ஏற்றுவார்கள், காட்டுக்குப் போனவன் வீட்டுக்காரர்கள் என்று. கொண்டுபோகாவிட்டால் இவர்கள் இருப்பார்கள், டிரைவர் வரமாட்டார்.

"இருங்க தாத்தா, எடுத்துட்டு வர்றேன்" என்று பின்னால் போனேன். கத்தரிக்கோலை எடுத்து, குறி இருந்த மூலையை வெட்டினேன். வெட்டிய துண்டை இஸ்திரிப் பெட்டியின் கரி நெருப்பில் போட்டேன். வெட்டுப்பட்ட ஓரத்தை மடித்துத் தைத்தேன். அந்தக் குறி அவர் வீட்டில் இருந்தால் என்றைக்காவது யார் கண்ணிலாவது படும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். எனக்கு எதிரான சாட்சியை எரித்தேன் என்பதும் உண்மைதான். அந்த நிமிஷத்தில் எது முன்னால் வந்தது என்று இவ்வளவு வயதான பிறகும் என்னால் சொல்ல முடியவில்லை.

கிழவர் நான்கு மூலையையும் தடவிப் பார்த்தார். "குறியக் காணமே தாயி."

"எலி கடிச்சிருச்சு தாத்தா. தச்சிருக்கேன்."

நம்பவில்லை. விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு முழமாகப் பார்த்தார். நடுவில் பீடி நெருப்பு பட்ட ஓட்டை ஒன்று இருந்தது. அதில் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தார். "இது அவந்தான். படுத்துக்கிட்டுக் குடிக்காதடான்னா கேக்கமாட்டான்" என்றார். மழையில் நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகும் ஸ்டேஷனுக்குப் போனேன், வெறுங்கையோடு. அதே சார்ஜன்தான். தவறாகச் சொல்லிவிட்டேன், அந்தக் குறி முன்பு வேறு யாருக்கோ இருந்திருக்க வேண்டும், துண்டைப் பார்த்தால் பழசு என்று சொன்னேன்.

"முன்ன யாருக்கு?"

"தெரியாதுங்க."

"வித்தவரு?"

"ஊருக்குப் போயிட்டாரு."

"அந்தக் குறி போட்ட பழைய துணி ஏதாச்சும் கடையில கெடக்கா?"

"இல்லீங்க."

ஒரு வரி எழுதிக்கொண்டார். "அன்னிக்கு நோட்டப் பாக்காமலே சொன்னீங்க. இன்னிக்கு இப்பிடிச் சொல்றீங்க. டிரைவர் பொஞ்சாதி ஒங்க கடைக்கு வந்து போறது எங்களுக்குத் தெரியும்மா. பாவம் பாக்கறீங்க, சரி. கடையப் பாத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான். பாதி உண்மையைக் கொண்டுபோனால் அது அங்கே செல்லாது.

கடை வாங்கி வருஷம் திரும்பும் நேரத்தில் உத்தரவு வந்தது. டிரைவர் ஐந்து வயதில் கப்பலேறி வந்தவர். அதனால் அவரை இந்தியாவுக்கே அனுப்புகிறார்கள். அவர் மனைவி நியாலாஸில் பிறந்தவள், இந்தியாவை அவள் பார்த்ததுகூட இல்லை. பிள்ளைகளோடு அவளும் அதே கப்பலில் போவதாக முடிவானது. கடைசி வாரம் அந்த இரண்டு சட்டையையும் கொண்டுவந்தாள். "எறங்கறப்ப நல்லதா ஒண்ணு போட்டுக்கிட்டு எறங்கணும்கா" என்றாள். என் கையாலேயே துவைத்தேன். கஞ்சி போட்டு, ஒரு சுருக்கமில்லாமல் தேய்த்தேன். தேய்க்கும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். அவள் வரும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும். சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

மறுநாள் மத்தியானம் வந்தாள். சட்டைகளைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"அக்கா, இனிமே எனக்குக் கடுதாசி எழுத ஆளு வேணாம். அவரு பக்கத்துலயே இருப்பாரு. அதனால சொல்றேன். நீங்கதான் காட்டிக்குடுத்தீங்கன்னு எனக்கு மொதக் கடுதாசியிலயே தெரியும்."

பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"மூணு சட்டையும் இருக்கு, எண்ணிப் பாக்கச் சொல்லுன்னு படிச்சீங்கல்ல? அப்ப ஒங்க கை அப்பிடி நடுங்குச்சு. வேற எதுக்குக் கை நடுங்கும்?"

"அப்புறம் ஏன் எங்கிட்டயே வந்த?" என்று கேட்டேன்.

"வேற யாரு இருக்கா? எழுதத் தெரிஞ்சவங்க எல்லாம் பயந்துக்கிட்டுக் கதவச் சாத்திட்டாங்க. ஒங்ககிட்ட சண்ட போட்டா அவருக்கு யாரு எழுதுவா? ஆறு மாசமா ஒங்க மூஞ்சியப் பாத்துச் சிரிச்சேன். அவரு இல்லாததவிட அதான்கா எனக்குக் கஷ்டமா இருந்துச்சு."

ஆறு மாதமும் என்னை நல்லவள் என்று நம்பி வருகிறாள் என்று நினைத்திருந்தேன். அதற்காகவே கூனிக் குறுகியிருந்தேன். நான் சொல்ல வைத்திருந்ததை அவளே சொல்லிவிட்டாள். அவள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பொட்டலத்தை எடுத்தாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"அந்தச் சட்ட நெசமா யாரோடதுன்னு ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாள். பிறகு பஸ் வருகிறது என்று போய்விட்டாள்.